கடைசி பஸ்ஸுக்கு முன்னால்: படித்துக்கொண்டே வேலை பார்ப்பது

வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதற்கு முன், உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு மாணவர் பகுதிநேர வேலை பார்க்க முடியுமா, முடிந்தால் எந்த வேலை என்பதில் பாதியை அந்த ஒரு வரி முடிவு செய்துவிடும்.

மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கலைக் கல்லூரியிலும் படிக்கிற பலர் டவுன்காரர்கள் அல்லர். கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, கீரமங்கலம், அன்னவாசல், இலுப்பூர், திருமயம், பொன்னமராவதி என்று எட்டுத் திசையிலிருந்தும் காலையில் வந்து இறங்குகிறார்கள். நான் ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து படித்தவன். டவுனிலிருந்து ஆலங்குடி 20 கிலோமீட்டர். அங்கிருந்து எங்கள் ஊருக்கு ராத்திரி ஒரே ஒரு டவுன் பஸ். முதல் வருஷம் ஒரு ஸ்டேஷனரி கடையில் சேர்ந்தபோது, "ஏழு மணிக்கு விட்டுடுறேன் தம்பி" என்றார் கடைக்காரர். ஏழு மணிக்குத்தான் அந்தக் கடைக்குக் கூட்டமே வரும். கல்லாவில் நாலு பேர் நிற்கும்போது, "அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்ல வாய் வராது. மூன்று வாரத்தில் நாலு ராத்திரி ஆலங்குடியிலிருந்து நடந்தேன். நாலாவது ராத்திரி அப்பா சைக்கிளில் பாதி வழி வந்து நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, பின்னால் ஏறிக்கொள் என்று சைகை காட்டினார். மறுநாள் கடையை விட்டேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கடையின் கூட்ட நேரமும் என் பஸ் நேரமும் ஒன்றாக இருந்ததை நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். எந்த வேலைக்குப் போவதானாலும் அந்த வேலையின் கூட்ட நேரம் எது என்று ஒருநாள் தள்ளி நின்று கவனியுங்கள். விடுவதாகச் சொல்லும் நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் நடுவே ஒரு பஸ்ஸாவது மிச்சம் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மகளிருக்குக் கட்டணமில்லாத பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அது போய்விட்டால் மொஃபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். மாதத்தில் பத்து நாள் அப்படி எடுத்தால் கூலியில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

இதோடு ஷிப்டையும் சேர்த்துப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. காலை ஷிப்ட் கிடைத்தவருக்கு மதியத்துக்குமேல் பொழுது ஒரே கட்டியாகக் கையில் இருக்கிறது. டவுனில் வேலை பார்க்க அதுதான் தோது. மதிய ஷிப்ட்காரருக்கு டவுன் வேலை சரிப்படாது. அவருக்கு ஊரிலேயே விடியற்காலை வேலை பொருந்தும்: பால் சொசைட்டியில் கணக்கு எழுதுவது, பேப்பர் போடுவது, கீரமங்கலம் பக்கமானால் பூப் பறித்து மார்க்கெட்டில் சேர்ப்பது. இதற்கெல்லாம் பஸ்ஸே வேண்டாம்.

எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்? நாளுக்கு 7 மணி நேரத் தூக்கம், 5 மணி நேர வகுப்பு, போக வர 3 மணி நேர பஸ், குளிக்க, சாப்பிட, வீட்டுக்கு ஒத்தாசை செய்ய 3 மணி நேரம் என்று வையுங்கள். மிச்சம் 6 மணி நேரம். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆறும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரைமணி, இரண்டு வகுப்புக்கு நடுவே முக்கால் மணி என்று சில்லறையாகச் சிதறிக் கிடக்கும். வேலைக்கு முதலாளி கேட்பது சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம், படிப்புக்கு வேண்டியதும் அப்படித்தான். இருக்கிற ஒரே கட்டியை இரண்டும் போட்டி போட்டுக் கேட்கும். அதனால் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 10, 12 மணி நேரத்துக்குமேல் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் அனுபவத்தில் சொல்லக்கூடியது. தேர்வெழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். அது குறைந்தால் கண்டோனேஷன் கட்ட வேண்டும், இன்னும் குறைந்தால் ஹால் டிக்கெட்டே கிடைக்காது. ஒரு அரியர் பேப்பரை மறுபடி எழுத ஆகும் பணத்தைவிட, அதைத் தூக்கிச் சுமக்கிற ஆறு மாத மனபாரம் பெரிது.

செலவுக்கு எவ்வளவு குறைகிறது என்றும் நேர்மையாகப் பாருங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ 6 முதல் 12 வரை படித்திருந்தால், மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. ஆதார் இணைப்பில் ஏதோ கோளாறு என்று இந்தப் பணம் நின்றுபோய், அதைச் சரிசெய்யாமல் ராத்திரி வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் கல்லூரியில் இதற்கென்று பொறுப்பான ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், அப்புறம் வேலை தேடலாம்.

முகூர்த்தமும் செமஸ்டரும்

நம் பக்கத்தில் மாணவர்கள் அதிகம் போகிற வேலை கேட்டரிங். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. அன்றைய கூலி அன்றைக்கே, வயிறாரச் சாப்பாடு, கூடப் படிக்கிறவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வேனில் போவது என்று அதில் ஒரு கலகலப்பும் உண்டு. வேலை லேசானதன்று. விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். இலை போடும்போது நுனி சாப்பிடுகிறவரின் இடதுகைப் பக்கம் வர வேண்டும் என்பதில் தொடங்கி, எதற்குப்பின் எது, யாருக்குச் சாதம் முடிந்துவிட்டது, யார் மோருக்குக் காத்திருக்கிறார் என்று நூறு இலையை ஒரே பார்வையில் பார்க்கப் பழக வேண்டும். கொதிக்கிற சாம்பார் வாளியோடு ஈரத் தரையில் நடக்கும்போது ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு ஒன்று வாங்குவதுதான் இந்த வேலைக்கு முதல் முதலீடு. மூன்றாம் பந்தி முடிகிறபோது வலதுகை மணிக்கட்டு மரத்திருக்கும்.

இந்த வேலையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நாள்காட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். செமஸ்டர் தேர்வு வருவது நவம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும். நவம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஏப்ரல், மே என்றால் சித்திரை, வைகாசி. நாலும் முகூர்த்தம் நெருக்கியடிக்கிற மாதங்கள். கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்கு நேரம் இருக்கும், வேலை இருக்காது. தேர்வுக்கு முந்தின ராத்திரி, "நாளைக்கு ரெண்டு மண்டபம், ஆள் பத்தலை, வந்துடுடா" என்று போன் வரும். ஆகவே ஜூன் மாதத்திலேயே ஒரு முகூர்த்த நாள் அட்டவணையையும் கல்லூரி நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்து, போகக்கூடிய நாட்களைச் சுழித்து, அந்தப் பட்டியலை ஏஜென்டிடம் கொடுத்துவிடுங்கள். இன்டர்னல் தேர்வு நாட்களையும் அடித்துவிட மறக்க வேண்டாம். இப்படி முன்கூட்டிச் சொல்லும் பையனை நல்ல ஏஜென்ட் மதிப்பார். மதிக்காதவரிடம் வேலை பார்க்க வேண்டிய அவசியமில்லை.

துணிக்கடைக்கும் இதே கதைதான். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் கீழராஜ வீதியில் ஆள் கேட்பார்கள், அடுத்தாற்போல் நவம்பர் தேர்வு நிற்கும். பொங்கல் விற்பனையும் கோடை விடுமுறையும் மாணவருக்குத் தோதானவை. துணிக்கடைக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை. நீங்கள் உட்கார்ந்தால், அங்கே பத்து வருஷமாக நிற்கிற அக்காவும் ஒருநாள் உட்காருவார்.

கல்லூரியில் முதல் ஆண்டு சேரும்போது பலருக்கு 17 வயதுதான். 18 நிறையாதவர்களை வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலையில் வைக்கக் கூடாது என்பது சட்டம். தீபாவளிப் பட்டாசுக் கடைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையும் மாலை டியூஷனும்

எனக்குப் பிடித்த வேலைகள் இந்த இரண்டும். காரணம், செய்யச் செய்ய நமக்குள் ஏதாவது சேர்ந்துகொண்டே போகும்.

கலெக்டர் ஆபீஸ், கோர்ட், கல்லூரி என்று எதன் வாசலிலும் ஜெராக்ஸ், டிடிபி கடைகள் இருக்கும். அங்கே சேர முதல் தகுதி தமிழ் டைப்பிங். போனில் தட்டுகிற பழக்கம் போதாது. தமிழ்99 விசைப்பலகையை ஒரு மாதம் விடாமல் பழகினால் விரல் தானாகப் போகும். பழைய கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் கோப்புகள் கிடக்கும், அவற்றை யூனிகோடுக்கு மாற்றத் தெரிந்தால் உங்களுக்கு மவுசு கூடும். இதோடு ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சு ஜூனியர், சீனியர் எழுதிவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்று கட்டாயம். இரண்டு வருஷம் ஒரு டிடிபி கடையில் மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று அடித்த கை, அந்தத் தேர்வில் தடுமாறாது.

அந்தக் கடைகளில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. பன்னிரண்டாவது முடித்த பிள்ளை அம்மாவோடு வந்து நிற்கும். கையில் மெயில் ஐடி இருக்காது, ஓடிபி வரும் போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா திருப்பூரில் இருப்பார். அவசரத்துக்கு உங்கள் போன் நம்பரையோ உங்கள் மெயிலையோ போட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்துக் கலந்தாய்வுக்கான செய்தி உங்கள் போனுக்கு வரும், நீங்கள் கவனிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். அந்தப் பிள்ளை பெயரில் மெயில் தொடங்கி, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, அம்மா கையில் கொடுத்து, "இதைப் பத்திரமா வைங்கம்மா" என்று இரண்டு முறை சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகட்டும்.

டியூஷனுக்குப் பஸ் கவலை கிடையாது. சொந்தத் தெருவிலேயே நடத்தலாம். கொரோனாவுக்குப்பின் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது, பன்னிரண்டாவது முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கும் பட்டம் முடித்தவர்கள் அதற்கு மேலுள்ள வகுப்புகளுக்கும் மாலையில் பாடம் சொல்லித் தந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இந்த மாவட்டத்துக்கு அது புதிதும் அன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது தெருவிளக்கின்கீழ் உட்கார்ந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த தொண்டர்களில் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் காசு வாங்கவில்லை. நீங்கள் வாங்கலாம், வாங்குவதில் கூச்சம் வேண்டாம். உறவுக்காரப் பிள்ளைகளாகவே இருந்தாலும் மாதக் கட்டணம் இவ்வளவு, ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சித்தி பிள்ளைக்கு மட்டும் இலவசம் என்றால், அதையும் முதல் நாளே நீங்களாகச் சொல்லுங்கள். பாதியில் பேச வேண்டி வந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்பது

சம்பளம் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். இரண்டாம் வருஷம் ஒரு கேட்டரிங் ஏஜென்டிடம் தொடர்ந்து மூன்று முகூர்த்தம் போனேன். "சேர்த்து வாங்கிக்கடா" என்றார். சரி என்றேன். நாலாவது முகூர்த்தத்துக்கு அவர் போன் எடுக்கவில்லை. எத்தனை நாள் போனேன், என்ன கூலி பேசினோம் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அந்தப் பணம் வரவே இல்லை. அன்றைக்கு வாங்கினேன் ஒரு பாக்கெட் நோட்டு.

வேலையில் சேருமுன் நின்ற இடத்திலேயே இப்படிக் கேட்டுவிடுங்கள், பணிவாகவே கேட்கலாம்: "அண்ணே, எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? சம்பளம் மணிக்கா, நாளுக்கா, மாசத்துக்கா? எந்தத் தேதியில தருவீங்க? பரீட்சைக்கு லீவு எடுத்தா பிடிப்பீங்களா? பொருள் உடைஞ்சா, கல்லாவில குறைஞ்சா யார் பொறுப்பு?" கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். ராத்திரி கல்லாக் கணக்கில் குறைகிற காசையெல்லாம் பகுதிநேரப் பையன் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படியானால் கல்லாவில் உட்காராத வேலையாகக் கேளுங்கள்.

நோட்டில் தினமும் மூன்றே விஷயம்: தேதி, வந்த நேரம் போன நேரம், வாங்கிய பணம். முடிந்தவரை சம்பளத்தைக் கணக்கிலோ ஜிபேயிலோ போடச் சொல்லுங்கள், அது தானே சாட்சியாகிவிடும். பணம் வராவிட்டால் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். நோட்டோடு, ஊர்ப் பெரியவர் ஒருவரையோ ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்டத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, எழுத்தில் மனுக் கொடுக்கலாம். பகுதிநேரம் என்பதால் கூலிக்கு உரிமை இல்லாமல் போய்விடாது.

அசல் மதிப்பெண் சான்றிதழை எவரிடமும் கொடுக்காதீர்கள். நகல் போதும். அசலை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் உங்களைப் போகவிடாத இடம்.

மாணவிகளுக்கு: மண்டபத்தில் வரவேற்புக்கு நிற்கும் வேலைக்கு அழைப்பு வரும். தனியாகப் போகாதீர்கள், தெரிந்த தோழி இருவராவது உடன் இருக்கட்டும். திரும்பும் வேன் யாருடையது, எத்தனை மணிக்கு என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வேலையிடத்தில் எவராவது தவறாக நடந்தால், பத்துப் பேர் இல்லாத சின்னக் கடையானாலும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் புகார் தரலாம். அவசரத்துக்கு 181.

வங்கிக் கணக்கைக் கேட்டால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது மாணவர்களைச் சுற்றி வலை வீசுவது இங்கேதான்.

"வேலை ஒண்ணும் இல்லை தம்பி. உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் தொடங்கி ஏடிஎம் கார்டையும் சிம்மையும் குடு. மாசாமாசம் கமிஷன்." சொல்கிறவர் கல்லூரி சீனியராகவே இருக்கலாம், ஊர்க்காரராகவே இருக்கலாம். அந்தக் கணக்கு எதற்குப் பயன்படுகிறது தெரியுமா? எங்கோ ஓய்வூதியக்காரர் ஒருவரை போனில் மிரட்டிப் பறித்த பணம் உங்கள் கணக்கில் விழுந்து, ஐந்து நிமிடத்தில் இன்னொரு கணக்குக்குப் போய்விடும். போலீஸ் தேடிக்கொண்டு வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் ஆதார், உங்கள் வீட்டு முகவரி. கமிஷன் கொடுத்தவரின் நம்பர் அணைந்திருக்கும். வழக்கில் சிக்கினால் அரசு வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பு வரைக்கும் அது கூடவே வரும்.

யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் வருவதும் இதன் தம்பிதான். முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்தபின், பெரிய டாஸ்க்குக்கு நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்பார்கள். வேலைக்குச் சேர நாம் பணம் கட்ட வேண்டுமென்றால் அது வேலையே அன்று. இந்த ஒரு அளவுகோல், டெபாசிட் கேட்கும் ஆன்லைன் டேட்டா என்ட்ரிக்கும், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று ஓட்டலில் கூட்டம் போடுகிறவர்களுக்கும் பொருந்தும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுமுன் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கல்லூரிக்குள்ளேயே ஒரு வேலை

இவ்வளவு நேரம் கல்லூரி வாசலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தோம். பஸ் கவலை, ராத்திரி கவலை, கூலி கவலை மூன்றும் ஒருசேரக் குறைவது கல்லூரிக்குள்ளேயே வேலை இருந்தால்தான். கடைசி வகுப்பு முடிந்து நூலகத்துக்கு நடக்க இரண்டு நிமிடம். மேற்பார்வை பார்ப்பவர் உங்கள் தேர்வுத் தேதி தெரிந்தவர்.

இப்படி வேலை கொடுத்துப் படிக்கவைப்பது உலகத்தில் புதிதன்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று, 1855இல் தொடங்கியது. கல்விக் கட்டணம் கிடையாது, அதற்குப் பதில் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் ஏதாவது வேலை செய்ய வேண்டும். மகாராஷ்டிரத்தில் பாவுராவ் பாட்டீல் 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கி, குடியானவர் வீட்டுப் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, உழைத்துக்கொண்டே படிக்க வழி செய்தார். புனே பல்கலைக்கழகத்தின் 'சம்பாதித்துக்கொண்டே படி' திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

நம் மாவட்டக் கல்லூரிகளில் பழகிய வழக்கமாக இது வேரூன்றவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. சமூக, பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களுக்காக யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவு வழிகாட்டு நெறிமுறையில், படிக்கும்போதே சம்பாதிக்கும் திட்டத்தைக் கல்வி நிறுவனங்கள் நடத்தலாம் என்று சொல்லி, நூலகம், ஆய்வகம், கணினி சார்ந்த பணிகள், டேட்டா என்ட்ரி போன்ற வேலைகளைச் சுட்டியிருக்கிறது. வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல், மணிக்கணக்கில் கூலி. வரைவுதான், கட்டாயமில்லை. இருந்தாலும் கையில் ஒரு காகிதத்தோடு போய் நிற்பதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு.

கல்லூரிக்குள் மாணவர் செய்யக்கூடிய வேலை உண்மையில் நிறைய இருக்கிறது. ஜூன் மாதம் சேர்க்கை உதவி மையத்தில் உட்காருவது. செமஸ்டருக்குமுன் பழைய வினாத்தாள்களை ஸ்கேன் செய்து அடுக்குவது. கணினி ஆய்வகத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவைத்துப் பார்த்துக்கொள்வது. எல்லாவற்றிலும் பெரியது நூலகம். ஆள் பற்றாத நூலகத்தில் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் மேசையில் மலையாகக் குவிந்து கிடக்கும், அலமாரியில் தேடுகிறவருக்கு அது இல்லாத புத்தகம்.

மூன்றாம் வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மாலை மூன்று மணியிலிருந்து ஐந்து வரை புத்தகம் அடுக்குவது. முதல் நாள் நூலகர் ஐயா ஒரு வரிசையை அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். பொருளாதாரப் புத்தகங்கள். முதுகில் 330.9 என்று ஒன்று, 330.12 என்று ஒன்று. பன்னிரண்டு ஒன்பதைவிடப் பெரிதல்லவா என்று 330.12ஐப் பின்னால் வைத்தேன். திரும்பி வந்தவர் இரண்டையும் உருவி மேசையில் வைத்தார். "தம்பி, புள்ளிக்குப்பின் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கணும். இதில் முதல் எண் ஒன்று, அதில் ஒன்பது. எது முன்னால்?" பிறகு ஒரு வாரம் எதையும் அடுக்கவிடவில்லை. அடுக்கியிருப்பதைப் படித்துத் தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் சொன்னார். அந்த வாரத்தில் 894.811 எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டும் அளவுக்கு வந்துவிட்டேன். அது தமிழ் இலக்கியத்தின் எண். பாடத்தில் பெயர் மட்டும் படித்த புத்தகங்களையெல்லாம் முதன்முதலாகத் தொட்டது அங்கேதான். அந்த வருஷம் நான் எழுதிய புராஜெக்டில் இருந்த பாதி நூல்கள், அடுக்கும்போது கையில் தட்டுப்பட்டவை.

நூலக வேலையில் மனம் போகிறவர்கள் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் தம் சொந்த முயற்சியில் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். சம்பள வேலை கேட்டுப் போகிற இடம் அன்று, முதற்பதிப்புகளை எப்படிப் பேணுகிறார்கள் என்று பார்த்துக் கற்கிற இடம்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வேலை இல்லையென்றால் கேளுங்கள். முதல்வருக்கு, துறைத் தலைவர் வழியாக, ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். தனியாளாக எழுதாமல் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். வறுமையை விவரித்து எழுத வேண்டாம், வேலையை விவரித்து எழுதுங்கள்: நூலகத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், இருவர், இன்ன வேலை, இத்தனை மாதம், இன்ன கூலி. பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் முதல்வரின் முதல் கேள்வியாக இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் இரண்டையும் நீங்களே மனுவில் குறிப்பிட்டுவிடுங்கள். நாக் மதிப்பீட்டில் மாணவர் நலனுக்கென்று தனிப் பிரிவே உண்டு என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால் அலுவலகத்தில் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். முதலில் ஒரு செமஸ்டருக்கு மட்டும் சோதனையாகக் கேளுங்கள். ஒரு செமஸ்டருக்குச் சரி என்பது எவருக்கும் சுலபம்.

மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதை அந்தப் பாக்கெட் நோட்டிலேயே மடித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, காலை முதல் வகுப்பு தொடங்குமுன், பதில் கேட்டுப் போங்கள்.